அப்பா எடுக்காத போன்

படாளத்துக்குப் பக்கத்தில், ஜி.எஸ்.டி. ரோடு ஓரமாக வயல் நடுவே முளைத்த ஒரு கல்லூரியில் நான் நிர்வாகவியல் நடத்திக்கொண்டிருந்தேன். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. என் பாடத்தில் ஒரு பகுதி, புதிதாக ஒரு கருவி வந்தால் மக்கள் அதை எப்படி ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது. அதற்கென்றே கோட்பாடுகள் இருக்கின்றன.

முதல் கோட்பாடு ஒரு மலைப் படம். கரும்பலகையில் கோடு மெல்ல ஏறி, உச்சிக்குப் போய், மெல்ல இறங்கும். இடது அடிவாரத்தில் எதையும் முதல் ஆளாக வாங்கிப் பார்க்கிற சிலர். அவர்களைப் பார்த்து வாங்குகிற முன்னோடிகள் அடுத்து. நடுவில் பெருங்கூட்டம். வலது கோடியில், ஊரே வாங்கி முடித்த பிறகும் ‘எனக்கு எதுக்கு?’ என்று கேட்கிற கடைசி ஆட்கள். இரண்டாவது கோட்பாடு இன்னும் சுலபம். ஒரு பொருள் தனக்கு உதவும் என்று தோன்ற வேண்டும், அதைக் கையாள்வது கஷ்டமில்லை என்றும் தோன்ற வேண்டும். இரண்டும் தோன்றிவிட்டால் ஆள் வழிக்கு வந்துவிடுவார். வரவில்லையா, அக்கம்பக்கத்தார் செய்வதைப் பார்த்து வருவார் என்கிறது மூன்றாவது. பரீட்சையில் கட்டாயம் வரும் என்பதால் பிள்ளைகள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். நானும் பாதித் தூக்கத்தில்தான் நடத்துவேன்.

இந்த மூன்றையும் மண்ணைக் கவ்வ வைத்தவர் என் அப்பா.

அவரைப் பட்டிக்காட்டுக் கிழவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மாமல்லபுரத்திலும் சுற்றுப்பக்கத்து ஊர்களிலும் தபாலாபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் தெருவில் முதல் மிக்ஸி எங்கள் வீட்டில்தான் அலறியது. அம்மா பயந்துபோய்ப் புழக்கடைக்கு ஓட, அப்பாவே அன்றைக்குத் தேங்காய்ச் சட்னி அரைத்தார். டேப்ரிக்கார்டர், கேஸ் அடுப்பு, கலர் டி.வி. எல்லாம் அப்படியே. ஏ.டி.எம். வந்தபோது மற்ற பென்ஷன்காரர்கள் பாங்கு ஜன்னலை விட்டு நகரவில்லை. இவர் மட்டும் அட்டையைச் செருகிவிட்டு, “மெஷின் நமக்கு நன்றி சொல்லுது பாருமா, கவுண்டர்ல கீறவன் என்னைக்காவது சொன்னானா?” என்று பூரித்துப்போனார். என் மலைப்படத்தில் அவரை இடது அடிவாரத்தில் ஏதாவது ஒரு நல்ல இடம் பார்த்து உட்கார வைத்திருப்பேன்.

அப்படிப்பட்டவர் டெலிபோன் என்றால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அம்மா போன பிறகு மாமல்லபுரத்து வீட்டில் அவர் தனியாக இருந்தார். நான் செங்கல்பட்டில். அண்ணன் பெங்களூரில். தனியாக இருக்கும் அப்பாவை நினைத்து அண்ணன் நிம்மதியில்லாமல் தவித்தான், அதைத் தப்பு சொல்ல மாட்டேன். பாத்ரூமில் வழுக்கி விழுந்தால் யாருக்குத் தெரியும் என்பான். பொங்கலுக்குக் காரோடு வருகிறேன், வீட்டைப் பூட்டிவிட்டு அப்பாவை அழைத்துப் போய்விடுகிறேன் என்றான். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. காலையில் கலங்கரை விளக்கம் வரை நடக்க வேண்டும், அதே தெருவில் கிளிஞ்சல் பொம்மைக் கடை வைத்திருக்கும் பாயோடு உட்கார்ந்து பேப்பர் படிக்க வேண்டும், தன் கையால் ரசம் வைத்துச் சாப்பிட வேண்டும். “அவன் வூட்ல பால்கனியில உக்காந்து இன்னாத்த பாக்கறது? எதிர்வூட்டு பால்கனியையா?” என்று என்னிடம் கேட்டார். நானும் அவர் கட்சிதான். அந்த வீட்டை விட்டு அவரைப் பிடுங்கினால் ஆள் ஆறு மாதம் தாங்க மாட்டார் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

அண்ணன் கடைசியாக ஒரு சமரசத்துக்கு இறங்கி வந்தான். “ஒரு செல்போன் வாங்கிக் குடு. கூப்பிட்டா எடுத்துப் பேசட்டும். பொங்கல் வரைக்கும் பாக்கறேன். ஒழுங்கா எடுத்தாருன்னா அங்கயே இருக்கட்டும்.”

இவ்வளவுதானே, இதைப் பாடமாகவே நடத்துகிறவள் நான் என்று மனசுக்குள் துள்ளிக்கொண்டு ஒரு போன் வாங்கினேன். கறுப்பு உடம்பு, பச்சைத் திரை, பெரிய பெரிய பட்டன்கள். எளிமை என்ற நிபந்தனை முடிந்தது. பயன் என்ற நிபந்தனைக்கு, இதனால்தான் இந்த வீட்டில் இருக்க முடியும் என்பதைவிடப் பெரிய பயன் ஏது? அக்கம்பக்கமா? பாய் ஏற்கெனவே செல்போனை இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டு அலைந்தார். மூன்று கோட்பாடும் தயார். அப்பா காபி ஆறுவதற்குள் போனைக் கற்றுக்கொண்டார். அலாரம் வைத்தார், பாம்பு விளையாட்டு ஆடினார், பாய்க்குத் தெரியாத இரண்டு விஷயங்களை அவருக்கே சொல்லிக் கொடுத்தார். நான் வெற்றிக்களிப்போடு பஸ் ஏறினேன்.

மறுநாள் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அதற்கு மறுநாளும் எடுக்கவில்லை. அண்ணன் கூப்பிட்டும் எடுக்கவில்லை. பாய் வீட்டுக்குப் போன் போட்டேன். பாயம்மாதான் எடுத்தார்.

“இன்னாமா நீ, ரொம்ப பேஜாரா கீது. போன் வூட்டுக்குள்ள கத்திகினே கீது, உங்கப்பா வெளிய வந்து தெருவுல நின்னுகினு கீறாரு. அது நின்னப்புறம்தான் உள்ள போறாரு.”

ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன். போன் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள், கைக்குட்டையில் சுற்றி, அரிசி டிரம் மேல் இருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. உங்களுக்காகத்தானே நான் அண்ணனிடம் சண்டை போடுகிறேன், ஒரு பச்சை பட்டனை அமுக்க உங்களுக்கு என்ன கேடு என்று கத்தினேன். அப்பா கொஞ்ச நேரம் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

“தபாலாபீசுல தந்தி எடுத்தவன்மா நான். இத்தினி வருஷத்துல ‘சும்மா நல்லா கீறோம்’னு ஒருத்தனும் தந்தி குடுக்கல. யாராவது செத்தாதான் குடுப்பான். அவன் வூட்டுக்கு சேதி போறதுக்கு முன்னாடி எனக்குத்தான் தெரியும். மெஷின் கட்டுகட்டுன்னு அடிக்கும்போதே கை நடுங்கும். அதுகூட அடுத்தவன் வூட்டு சாவு. அப்புறம் உங்கம்மாவுக்கு…”

அதற்கு மேல் அவர் சொல்ல வேண்டியதில்லை. அம்மா செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இருந்தபோது, இரண்டு நாள் கூடவே இருந்துவிட்டு, குளித்து வேட்டி மாற்றி வருகிறேன் என்று அப்பா ஊருக்குப் போயிருந்தார். அந்த இடைவெளியில் அம்மா போய்விட்டாள். தெருவில் அப்போது பாய் வீட்டில் மட்டும்தான் போன் இருந்தது. பாய் வந்து அழைக்க, தலை துவட்டாமல் ஓடிப்போய் எடுத்தார். அந்தப் போனைப் போட்டது நான்தான். அவர் ஹலோகூடச் சொல்லி முடிக்கவில்லை, நான் அழுதுவிட்டேன். அதன் பிறகு அவர் எந்தப் போனையும் எடுத்ததில்லை என்பது அந்தப் புளித்தண்ணீர்ப் பாத்திரத்துக்கு முன்னால் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

பயன் தெரிந்தவர், கையாளத் தெரிந்தவர். ஆனால் மணி அடித்தால் யாரோ செத்துவிட்டார்கள் என்று அவர் உடம்பு முடிவு செய்துவிடுகிறது. இதை எந்தக் கட்டத்தில் போடுவது? என் புத்தகத்தில் இதற்குக் கட்டமே இல்லை. எனக்கு அழுகை வந்தது, கூடவே அந்தப் புத்தகத்தின் மேல் எரிச்சலும் வந்தது.

வழி கண்டுபிடித்தது அப்பாதான். “மணி அடிக்கறது இங்கேர்ந்து போனா எனக்கு பயமில்ல. நான் அடிக்கறேன், நீ எடுக்காத. காசும் மிச்சம்.” அதாவது மிஸ்டு கால். அந்தக் காலத்தில் ஊரே அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தது. ரயில் ஏறியாச்சு என்றால் ஒரு மிஸ்டு கால், ஸ்டேஷனுக்கு வண்டியோடு வா என்றால் இன்னொன்று. எங்கள் ஒப்பந்தம் இது: தினமும் காலையில் நடந்துவிட்டு வந்ததும் அப்பா எங்கள் வீட்டு லேண்ட்லைனுக்கு அடிப்பார், இரண்டு தடவை மணி அடித்ததும் வைத்துவிடுவார். ‘நான் உயிரோடு இருக்கிறேன்’ என்று அதற்குப் பொருள். நாங்கள் யாரும் அவருடைய போனுக்கு அடிக்கவே கூடாது.

அண்ணனிடம் சொன்னேன். “இதுக்குப் பேரு போன் பேசறதா?” என்றான். ஆனாலும் பொறுத்துக்கொண்டான். எங்கள் வீட்டில் அது பழகிவிட்டது. காலையில் மணி இரண்டு தடவை அடித்து ஓய்ந்ததும் என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “மாமா வந்துட்டார், காபி குடு” என்பார். நான் சிரித்துக்கொண்டே படாளம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன். பேச்சில்லாத அந்த இரண்டு மணியில் அப்பாவின் குரலே கேட்பதுபோல இருக்கும்.

மார்கழியில் ஒரு நாள் அந்த மணி அடிக்கவில்லை.

மழை, நடக்கப் போவது தாமதமாகியிருக்கும் என்றார் என் கணவர். சென்னை எலக்ட்ரிக் ட்ரெயினுக்கு நேரமாகிவிட்டதென்று அவர் கிளம்பிப் போனார். நான் போன் பக்கத்திலேயே நின்றேன். படாளம் பஸ் போயிருக்கும். பாய் வீட்டு லேண்ட்லைனுக்கு அடித்தேன், மழையில் செத்துப்போயிருந்தது. பாயின் செல் அணைந்திருந்தது. இனி முடியாது என்று ஒப்பந்தத்தை மீறி அப்பாவின் போனுக்கு அடித்தேன். அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தேன். பாத்ரூமில் வழுக்கி விழுந்தால் யாருக்குத் தெரியும் என்று அண்ணன் சொன்னதுதான் காதுக்குள் ஓடியது.

வீட்டைப் பூட்டி, சாவியைக் கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரம்மாவிடம் எறியாத குறையாகக் கொடுத்துவிட்டு ஓடினேன். அவர் என்னமோ கேட்டார். நான் அழுதுகொண்டே தெருவில் இறங்கிவிட்டேன்.

நான் ஏறிய மாமல்லபுரம் பஸ் திருக்கழுக்குன்றத்தில் கொஞ்சம் நின்றது. எதிர்ப்பக்கம் செங்கல்பட்டு போகிற பஸ் ஒன்று நின்றது. மழைக்கு எல்லா ஜன்னலுக்கும் தகர ஷட்டரை இறக்கி விட்டிருந்தார்கள். டிரைவர்கள் இரண்டு பேரும் ஏதோ பேசிச் சிரித்தார்கள். எனக்கு அவர்கள் மேல் கொலைவெறி வந்தது.

அப்பா வீடு பூட்டியிருந்தது. வெளிப்பக்கம் பூட்டு. கதவைத் தட்டிய சத்தத்துக்குப் பாயம்மா குடையோடு ஓடி வந்தார். என்னைப் பார்த்ததும் குடையைக் கீழே போட்டுவிட்டு என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

“அல்லா! நீ நல்லாத்தான கீற? உங்கப்பா இன்னா ஆட்டம் ஆடிட்டாரு தெரியுமா? உன் நம்பருக்கு அடிச்சாராம், போவலயாம். யாரோ பொம்பள இன்னாவோ பேசுதுன்னு வெச்சிட்டாராம். அப்புறம் இவரு போன் அடிக்க ஆரம்பிச்சிடுச்சு. பொண்ணுக்கு இன்னாவோ ஆயிடுச்சு பாயம்மான்னு, செருப்பு கூட போடாம பஸ்ஸுக்கு ஓடினாரு.”

எனக்குப் புரிந்துவிட்டது. அப்பா மிஸ்டு கால் தவிர வேறெதுவும் கொடுத்ததில்லை. கார்டில் போட்ட காசு அப்படியே இருந்தது. காசு இருக்கும்போது போன் எப்படி நிற்கும் என்று இருந்துவிட்டார். வேலிடிட்டி என்று ஒன்று முடிந்துபோகும் என்பதை நானும் சொல்லவில்லை. அது முடிந்தால் நாம் அடிக்க முடியாது, வருகிறது மட்டும் வரும். அப்பாவுக்குப் பிடித்த பாதி அடைபட்டு, பயந்த பாதி மட்டும் திறந்திருந்திருக்கிறது. திருக்கழுக்குன்றத்தில் நின்ற அந்த பஸ்ஸில், இறக்கிவிட்ட ஷட்டருக்குப் பின்னால், செருப்பில்லாத காலோடு அவர் உட்கார்ந்திருந்திருக்கிறார். ஒருவருக்காக ஒருவர் அழுதுகொண்டே நாங்கள் ஒருவரை ஒருவர் தாண்டிப் போயிருக்கிறோம்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். என் வீட்டு நம்பரையே போட்டேன். சாவி வீட்டுக்காரம்மாவிடம் இருக்கிறது, மணி கேட்டு மேலே வந்து எடுத்தால் அப்பாவிடம் விஷயத்தைச் சொல்லச் சொல்லலாம் என்பதுதான் எண்ணம். அப்பா எடுப்பார் என்று நினைக்கவே இல்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அங்கே நடந்ததை அப்பா பிறகு சொன்னார். வீட்டுக்காரம்மா சாவியைக் கொடுத்து, “அழுதுகினே ஓடிச்சு சார், எங்கன்னு சொல்லல” என்றிருக்கிறார். அப்பா கதவைத் திறந்து, நாற்காலியில் உட்காராமல், ஈரத்தோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார். அப்போதுதான் மணி அடித்தது. வழக்கம்போல எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். மாடிப்படி வரைக்கும்கூடப் போனாராம்.

பூத்தில் என் காதில் அடித்துக்கொண்டிருந்த மணி நின்றது. யாரோ எடுத்துவிட்டார்கள். ஆனால் ஹலோ இல்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பாவின் குரல் வந்தது, அரக்கப்பரக்க.

“யாரா இருந்தாலும் சரி. இன்னா சேதியா இருந்தாலும் அப்பாலிக்கா சொல்லுங்க. மொதல்ல ஒண்ணே ஒண்ணு, என் பொண்ணு நல்லா கீறாளா?”

“நான்தான்பா,” என்றேன். “நான்தான். நல்லா இருக்கேன்.”

பூத்துக்காரர் என்னைப் பார்த்துவிட்டு மீட்டரைப் பார்த்தார். அப்பா அழுகிறார் என்பது தெரிந்தது. அம்மா போனபோது அவர் அழுததை நான் கேட்டதில்லை. அன்றைக்குப் போனில் அழுதது நான்தான்.

“எடுத்திருக்கலாமேப்பா, ஊர்ல இருக்கும்போதே,” என்றேன். “நான்தானே அடிச்சேன்.”

“எடுத்தா சொல்லிடுவாங்களேமா. எடுக்காத வரைக்கும் நீ நல்லாத்தான கீற.”

“அப்போ இங்க ஏன் எடுத்தீங்க?”

“வாசல் வரைக்கும் போயிட்டேன். அப்புறம் எங்க போறது?”

அன்றைக்கு என்னை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு அவரே பஸ் ஏறி வந்தார். வீட்டுக்காரம்மா தன் வீட்டுக்காரருடைய செருப்பைக் கொடுத்திருந்தார், இரண்டு விரற்கடை பெரிது. கதவைத் திறந்ததும் நேராக அரிசி டிரம்முக்குப் போனார். பிஸ்கட் டப்பாவைத் திறந்து, கைக்குட்டையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு ரசம் வைத்தார். நான் இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன்.

நடந்ததைக் கேட்டதும் அண்ணன் கொதித்துப்போனான். “பாத்தியா, இதுக்குத்தான் சொன்னேன். செருப்பில்லாம மழையில ஓடியிருக்காரு. விழுந்திருந்தா?” என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது. இனி அப்பா எடுப்பார் என்று சொன்னேன். நம்பவில்லை. பொங்கலுக்குக் காரோடுதான் வந்தான். டிக்கியை வேறு காலி செய்துகொண்டு வந்திருந்தான்.

பொங்கல் சாப்பாடு முடிந்ததும், சிகரெட் வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனான். அவன் எதற்குப் போகிறான் என்று எனக்குத் தெரியும். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருக்கோடியில், பாய் கடை ஓரமாக நின்று தன் செல்லைக் காதில் வைத்தான்.

அப்பா சட்டைப் பையில் மணி அடித்தது. அவருக்கு ஒரு தடவை தூக்கிவாரிப்போட்டது, நான் பார்த்தேன். வாசலைப் பார்த்தார். போகவில்லை. பச்சை பட்டனை அமுக்கினார். யார் என்று கேட்கவில்லை, ஹலோ சொல்லவில்லை.

“நல்லா கீறியா? அத மொதல்ல சொல்லு.”

தெருக்கோடியில் அண்ணன் போனைக் காதில் வைத்தபடியே நின்றான். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அப்பா இங்கே, “சொல்லுடா, நல்லா கீறியா?” என்று மறுபடி கேட்டார். டா போட்டுக் கேட்டதால், அடிப்பது யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்று புரிந்தது.

“நல்லா இருக்கேம்பா,” என்று அண்ணன் சொன்னது போனிலும் கேட்டது, தெருவிலிருந்தும் கொஞ்சம் கேட்டது.

காலி டிக்கியில் அப்பா ஒரு பரங்கிக்காயும் இரண்டு கரும்பும் வைத்து அனுப்பினார்.

அந்த வருடமும் மலைப்படம் நடத்தினேன். அப்பாவை எங்கே உட்கார வைப்பது என்று சாக்பீஸோடு கொஞ்சம் நின்றேன், பிறகு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். அந்த வீட்டிலேயே அவர் வெகுகாலம் இருந்தார். கடைசி வரைக்கும் ஒவ்வொரு மணிக்கும் அவருக்குத் தூக்கிவாரிப்போடும். ஆனாலும் முதல் மணியிலேயே எடுப்பார். இரண்டாவது மணி வரைக்கும் தன்னால் தாங்க முடியாது என்பார்.